சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்: 40 ஆண்டு மேடையும் எட்டாண்டுத் திரையும்

சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் 1941ஆம் ஆண்டில் முதன்முதலாகத் திரைப்படக் கருவியின் முன் நின்றபோது அவருக்கு வயது 61. அதற்கு முன் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குணச்சித்திர நடிகராக, அதாவது கதைத்தலைவன் வேடத்தை நாடாமல் நாடகத்துக்கு நாடகம் வயதும் இயல்பும் பேச்சும் மாறி நிற்கும் துணைவேடங்களையே தம் தொழிலாகக் கொண்டவராக, மேடையில் உழைத்திருந்தார். திரையில் அவர் இருந்தது எட்டே ஆண்டுகள். ஆனால் அந்த எட்டாண்டுகளின் படங்கள் மட்டுமே எஞ்சியதால், பருத்த உடலும் இனித்த பேச்சும் கொண்ட வில்லன் என்ற ஒரே உருவமாக அவரைப் பற்றிய நினைவு சுருங்கிவிட்டது. அந்த வில்லனை உருவாக்கிய கலை எங்கே, எந்தத் தொழில்முறையில் கற்கப்பட்டது என்று பார்த்தால், அவருடைய உடலை வியந்தவர்கள் அவருடைய தேர்ச்சியைப் போதிய அளவு வியக்கவில்லை என்பது புலனாகும்.

அவர் 1879 டிசம்பர் 27 அன்று இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் பகுதியிலுள்ள சாண்ட்விச் என்னும் பழைய துறைமுக ஊரில், தோல் வணிகர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்தார். ஏறக்குறைய 18 வயதில் தேயிலைத் தோட்டத்தில் பொருள் தேடும் எண்ணத்துடன் இலங்கைக்குக் கப்பலேறினார். இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்துபோக, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைநாடெங்கும் பரவியிருந்த காலம் அது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் என்னும் ஆள்திரட்டுவோர் வழியாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் உழைப்பில் அத்தோட்டங்கள் செழித்திருந்தமையால், சொத்தும் பட்டமும் இல்லாத ஆங்கில இளைஞர்கள் பலர் சின்னதுரைகளாக, அதாவது உதவி மேலாளர்களாகச் சேர்ந்து, பெரியதுரை என்னும் தோட்ட மேலாளராக உயரலாம் என்ற நம்பிக்கையில் அங்கே சென்றனர். கிரீன்ஸ்ட்ரீட்டின் நம்பிக்கையை ஒரு வறட்சி முறித்தது. ஊர் திரும்பியவர் பீர் வடிக்கும் ஆலை ஒன்றில் மேற்பார்வை வேலை பார்த்து, அதில் உண்டான சலிப்பைப் போக்கிக்கொள்ள நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். 1902இல் ராம்ஸ்கேட் நகரின் மரீனா அரங்கில், ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில், கொலைகாரன் வேடத்தில் அவருடைய முதல் மேடையேற்றம் நிகழ்ந்தது. குற்றவாளி வேடத்தில் தொடங்கிய இந்த நடிகர் மீண்டும் குற்றவாளியாகவே திரையில் அறிமுகமாவதற்கு 39 ஆண்டுகள் இருந்தன. இடைப்பட்ட காலத்தில் அவர் பெரும்பாலும் மக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அவரை நடிகராக வடித்தெடுத்தது பென் கிரீட்டின் நாடகக் குழு. கிரீட் நடிகராகவும் இயக்குநராகவும் குழுவின் முதலாளியாகவும் ஒருங்கே விளங்கியவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தோட்டங்களிலும் கல்லூரிப் புல்வெளிகளிலும் திறந்தவெளியில் நடத்துவதில் பெயர் பெற்றிருந்தார். இத்தகைய குழு ஒரே நேரத்தில் பல நாடகங்களைப் பாடமாக வைத்திருந்து, இன்று ஒன்றும் நாளை மற்றொன்றுமாக ஊர் ஊராக நடத்திச் செல்லும். குழுவில் சேர்ந்தவர் ஒரு நாடகத்தில் அரசனாகவும் அடுத்ததில் காவலாளியாகவும் வரவேண்டும். பிறருடைய வேடங்களையும் ஓரளவு மனப்பாடம் செய்துவைத்திருந்தால்தான் ஒருவர் நோயுற்ற நாளில் நாடகம் நிற்காமல் நடக்கும். ஒலிபெருக்கியும் கூரையும் இல்லாத வெளியில் கடைசி வரிசை வரை சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டியிருந்ததால், கத்தாமல் உரக்கப் பேசுவதும், நீண்ட வாக்கியத்தில் மூச்சை எங்கே எடுத்து எங்கே சேமிப்பது என்பதும் அங்கே அன்றாடப் பயிற்சியாயின. பின்னாளில் ஆங்கில மேடையின் பேரரசியாகக் கருதப்பட்ட சிபில் தார்ண்டைக்கும் அதே ஆண்டுகளில் அதே குழுவோடு அமெரிக்காவைச் சுற்றியவர் என்பது அப்பயிற்சியின் தரத்துக்குச் சான்று. கிரீன்ஸ்ட்ரீட் அக்குழுவுடன் அட்லாண்டிக்கைக் கடந்து, 1905இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ‘எவ்ரிமேன்’ நாடகத்தில் தோன்றினார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அந்த ஒழுக்கநெறி நாடகத்தில் மரணம், நட்பு, நற்செயல் முதலிய கருத்துகளே ஆட்களாக நடமாடும்.

அதன்பின் அவர் அமெரிக்காவையே தம் களமாக்கிக்கொண்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள், நகைச்சுவைகள், பாட்டும் ஆட்டமும் கலந்த இசைநாடகங்கள் என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. 1933இல் ஜெரோம் கெர்ன் இசையமைத்த ‘ராபர்ட்டா’விலும் அவருக்கு ஒரு வேடம் இருந்தது. எனினும் அவருடைய மேடை வாழ்வின் உச்சம், ஆல்ஃபிரட் லண்ட், லின் ஃபான்டான் என்னும் புகழ்மிக்க தம்பதியருடன் நடித்த 1930களின் பிற்பகுதியே. நாடகம் வெற்றியாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒத்திகையை விடாத அந்த இருவரின் கண்டிப்பான சூழலில், ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’வில் மகள்களைப் பெற்றுத் திண்டாடும் தந்தையாகவும், 1936இல் ‘இடியட்ஸ் டிலைட்’டில் மனம் நொந்த ஜெர்மன் மருத்துவராகவும், 1938இல் செகாவின் ‘தி சீகல்’ நாடகத்தில் வாழ வேண்டியதை வாழாமல் விட்டுவிட்டதாக ஏங்கும் முதியவர் சோரினாகவும் அவர் நடித்தார். இப்பட்டியலில் வில்லன் இல்லை என்பதைக் கருத வேண்டும். மேடை நடிப்பு நிகழ்ந்த இரவோடு மறைந்துவிடுவதால் அந்தச் சோரினை இனி எவரும் காண இயலாது. நாடக வரலாற்றுக்கு இது உண்மையான இழப்பு.

பின்லாந்துப் போரை வைத்து ராபர்ட் ஷெர்வுட் எழுதிய ‘தேர் ஷேல் பி நோ நைட்’ நாடகத்தில், அதே தம்பதியருடன், வால்டமார் என்னும் முதியவராக அவர் நடித்துவந்தபோது திரைப்பட வாய்ப்பு வந்தது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் திரைக்கதை ஆசிரியராக இருந்த ஜான் ஹூஸ்டன், டாஷியல் ஹாம்மெட்டின் 1930ஆம் ஆண்டு நாவலான ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ஐத் தம் முதல் படமாக இயக்க முனைந்திருந்தார். அந்நாவல் அதற்கு முன் இருமுறை படமாகி நிலைக்காமல் போயிருந்தது. விலைமதிப்பற்ற பருந்துச் சிலையைத் தேடி உலகைச் சுற்றும் காஸ்பர் கட்மன் என்ற தடித்த மனிதரின் வேடம் கிரீன்ஸ்ட்ரீட்டுக்குக் கிடைத்தது. நான்கு தசாப்த அனுபவம் இருந்தும் முதல் நாள் படப்பிடிப்பில் அவர் நடுங்கியதாகவும், தம் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதாகவும் உடன் நடித்த மேரி ஆஸ்டர் பின்னர் குறிப்பிட்டார்.

ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் கருவியைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கிப் படமெடுத்ததால் கட்மனின் வயிறு திரையை அடைத்து நிற்கிறது. படத்தைப் பற்றி எழுதுவோர் தவறாமல் இதைக் குறிப்பிடுகின்றனர். ஆனால் அக்காட்சிகளைத் தாங்கி நிற்பது பேச்சே. துப்பறிவாளர் ஸ்பேடின் எதிரே அமர்ந்து, மால்ட்டா வீரர்கள் ஸ்பெயின் அரசருக்கு அனுப்பிய பருந்தின் நூற்றாண்டுக் கணக்கான வரலாற்றைக் கட்மன் சொல்லும் காட்சியில் நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. ஒருவர் பேசுகிறார், மற்றவர் மயக்கமருந்து கலந்த மதுவைக் கையில் வைத்துக் கேட்கிறார். மரியாதையை ஒருபோதும் கைவிடாத விளிகள், வாக்கியத்தின் நடுவே குமிழியிட்டு எழும் சிரிப்பு, ஆசை மிகும் இடத்தில் வேகம் கூடாமல் குறையும் குரல் ஆகியவற்றால் அந்த நீண்ட உரை ஒரு கணமும் தொய்வதில்லை. புல்வெளியில் ஷேக்ஸ்பியரின் நெடுவசனங்களைச் சொல்லிப் பழகியவருக்கே இது கைவரும். நகைச்சுவைக்காரரின் காலக்கணிப்பும் இங்கே உதவியது: கட்மன் தம் பேராசையில் உண்மையாக மகிழ்கிறார், அம்மகிழ்ச்சியே அவரை அச்சமூட்டுபவராக்குகிறது. அவ்வேடம் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. விருது டொனால்ட் கிரிஸ்ப்புக்குச் சென்றது.

அப்படத்தில் அவருடன் நடித்த பீட்டர் லோரி, ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்து ஜெர்மானிய மேடையில் வளர்ந்தவர். குள்ளமான உருவமும் அகன்ற கண்களும் கெஞ்சும் குரலும் உடையவர். இருவரும் தோன்றிய படங்கள் ஒன்பது. 1942இன் ‘காசாபிளாங்கா’வில் இருவரும் எதிரெதிர் நின்று பேசும் காட்சி இல்லை, அங்கே கள்ளச்சந்தைத் தலைவர் ஃபெராரியாகச் சில நிமிடங்களே வரும் கிரீன்ஸ்ட்ரீட், ஈயடிக்கும் மட்டையைக் கையில் வைத்தபடி ஒரு நகரின் வணிக ஒழுக்கத்தையே காட்டிவிடுகிறார். எரிக் ஆம்ப்ளர் நாவலைத் தழுவிய 1944இன் ‘தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்’ படத்தில் இவ்விணையின் முழு வலிமையைக் காணலாம்.

அக்காலத்தில் ஸ்டூடியோ பல ஆண்டு ஒப்பந்தம் செய்து நடிகரின் வேடங்களைத் தானே தீர்மானித்தது. வெற்றி கண்ட ஓர் உருவத்தைத் திரும்பத் திரும்ப விற்பதே அதன் இயல்பான வழியாகையால், கட்மனின் சாயல்களே அவருக்கு அதிகம் வந்தன. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ராபர்ட் செர்பர், நாகசாகியில் வீசப்பட்ட ‘ஃபேட் மேன்’ (தடித்த மனிதர்) குண்டுக்கு இந்தக் கட்மனை நினைத்தே பெயரிட்டதாக எழுதியுள்ளார். ஒரு நடிகரின் உருவம் அவர் அறியாமலே இத்தகைய கொடிய இடத்தில் பதிந்தது வருந்தத்தக்கது. வாய்ப்புக் கிடைத்தபோது அவர் வேறுபட்டு நடித்தார் என்பதற்கு 1946இன் ‘த்ரீ ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ படத்தில் பேராசையால் புத்தி பேதலிக்கும் வழக்குரைஞர் வேடமும், ‘தி வெர்டிக்ட்’ படத்தில் பதவியிழந்த ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி வேடமும் சான்றுகள்.

நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ், பழைய காலத்தைப் பிரிய மனமில்லாத முதிய விற்பனையாளரைப் பற்றிய தம் ஓரங்க நாடகமான ‘தி லாஸ்ட் ஆஃப் மை சாலிட் கோல்ட் வாட்சஸ்’ஐ கிரீன்ஸ்ட்ரீட்டை மனத்தில் வைத்தே எழுதி அவருக்கு உரிமையாக்கினார். ஸ்டூடியோ காணத் தவறிய சோரினை அந்த நாடகாசிரியர் கண்டிருந்தார் என்றே கொள்ள வேண்டும். 1949இல் ‘மலாயா’ படத்துடன் திரையை விட்டு விலகியவர், 1950-51இல் என்பிசி வானொலியில் ரெக்ஸ் ஸ்டவுட்டின் துப்பறிவாளர் நீரோ உல்ஃபாகக் குரல் கொடுத்தார். உருவமே தெரியாத ஊடகத்திலும் அந்தக் குரல் தனித்து நின்றது. அவ்வொலிப்பதிவுகள் பல இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. நீரிழிவும் சிறுநீரக நோயும் முற்றி, 1954 ஜனவரி 18 அன்று ஹாலிவுட்டில் அவர் காலமானார்.