ஐராவதி கழிமுகம்: மழையும் விறகும்

பர்மாவின் மிகப்பெரிய நகரமான ரங்கூனில், அதாவது இன்றைய யங்கோனில், ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி மே மாத நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரையிலான காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். நகருக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் பரந்திருக்கும் ஐராவதி கழிமுகக் கிராமங்களில் விறகு சேகரிக்கும் பணியை வகுப்பது இந்தப் பருவமழைதான்.

மழை ஓய்ந்த பிறகு வெட்டி, வெயிலில் உலர்த்தி, தூண்கள் மீது உயர்த்திக் கட்டப்பட்ட வீட்டின் அடியில் அடுக்கி வைக்கும் விறகே அடுத்த மழைக்காலத்திற்கான இருப்பு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வெப்பம் கணிசமாக வீணாகிறது, புகையும் கூடுகிறது. கோடையில் மழை முந்திக்கொண்டால் உலராத விறகை எரிக்க வேண்டியிருக்கும். அதற்கு முதலில் விலை கொடுப்பது சமையல் செய்யும் பெண்களின் நுரையீரல்.

இது சிறு பிரிவினரின் பிரச்சினை அன்று. 2014ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டின் குடும்பங்களில் சுமார் 69 சதவீதம் சமையலுக்கு விறகையே நம்பியிருந்தன. நகர மக்களில் கணிசமானோர் விரும்புவது மரக்கரியை. யங்கோனுக்குத் தேவையான கரியின் பெரும்பங்கை ஒரு காலத்தில் அளித்தவை கழிமுகத்தின் அலையாத்திக் காடுகள். இலங்கைத் தமிழர் இவற்றைக் கண்டல் காடுகள் என்பர்.

அங்குள்ள மரங்களில் முக்கியமானது கனசோ. வங்காளத்தில் இதற்குச் சுந்தரி என்று பெயர். சுந்தரவனக் காடுகளின் பெயர் இம்மரத்தின் பெயரிலிருந்தே வந்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. கனமான, நன்கு எரியும் மரம். ஆனால் உப்பு மிகுந்தால் இது தாங்காது. ஆற்றின் நன்னீர் குறைந்து கடல்நீர் உள்ளே ஏறும்போது, கோடரி படாமலேயே இது நலிவடைகிறது.

எனினும் காடு அழிந்ததற்கு விறகுவெட்டிகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 1852க்குப் பின் பிரிட்டிஷ் ஆட்சியில் கழிமுகம் நெல்வயலாக மாற்றப்பட்டபோது, அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் அடகு நிலங்கள் கைமாறின. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம், 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்து, 1938இல் சுமார் 25 சதவீதமாக உயர்ந்தது. கழிமுகக் காட்டின் கதையில் தமிழர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு.

நெல்லின் பங்கு பிற்காலத்திலும் தொடர்ந்தது. 1978இல் 2,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த அலையாத்திக் காடு, 2011இல் 938 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியதை செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று காட்டியது. வயல்களின் விரிவாக்கமே இதற்கு முதன்மைக் காரணம் என்று அது கூறியது. கழிமுகத்தில் கரி சுடுவதற்கு 1990களில் தடை வந்தபோதிலும் தேவை குறையவில்லை.

2008 மே 2ஆம் தேதி நர்கீஸ் சூறாவளி கரையைக் கடந்தது. லபுட்டா, போகலே பகுதிகளில் கடலலை ஊர்களை வாரிச் சென்றது. இறந்தோரும் காணாமற்போனோருமாக சுமார் 1,38,000 பேர் என்பது அதிகாரபூர்வ கணக்கு. அலையாத்திக் காடுகள் அழிக்கப்பட்டதே அலைகளைத் தடுக்க அரணில்லாமல் போனதற்கு ஒரு காரணம் என்று அப்போதைய ஆசியான் பொதுச்செயலர் சுரின் பிட்சுவான் கூறினார். அவ்வளவு உயரமான அலையைக் காடு முழுவதுமாகத் தடுத்திருக்குமா என்பது வேறு கேள்வி. வேகத்தைத் தணித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வடக்கே, நாட்டின் நடுவிலுள்ள வறண்ட மண்டலத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கு விறகு உலர்வதில் சிரமமில்லை, மரம் கிடைப்பதே சிரமம். துவரைச் செடியின் தண்டும் பருத்தி மாரும் பனைமட்டையும் அடுப்புக்குச் செல்கின்றன. பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுப்பதற்கு மணிக்கணக்கில் நெருப்பு வேண்டும் என்பது தென் தமிழகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் அம்மண்டலத்தின் சௌக் நகரில் வெப்பம் 48.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

சமூகக் காடு வளர்ப்புக்கு 1995இல் வகுக்கப்பட்ட விதிகள் கிராமத்தாருக்கு 30 ஆண்டு குத்தகை அளித்தன. நர்கீஸுக்குப் பின் கழிமுகத்திலும் மரங்கள் நடப்பட்டன. ஆனால் 2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு யங்கோனில் மின்சாரம் முறைவைத்தே வழங்கப்பட்டு வந்துள்ளது. மின்னடுப்புக்கு மாறியிருந்த வீடுகள் பலவும் மீண்டும் கரியை நாடின. நட்ட கன்று விறகாக முதிர ஆண்டுகள் பல ஆகும். நகரத்தின் அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டும்.