மழை மேல் போட்ட பழி: பித்தளைத் தோட்டாக் கூடுகளின் கதை

போன எபிசோட் வெளியான மறுநாள் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் இருக்கிறார். துப்பாக்கி சுடுதல் அவருக்குப் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், சுத்தம் செய்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்து மறுபடியும் பயன்படுத்துவது அங்கே சாதாரணம். நம் நாட்டில் தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.

அவர் எழுதியிருந்தது இதுதான்: "வீட்டுப் பித்தளைச் சாமானுக்குப் போடுற பாலிஷை இந்தக் கூடுகளுக்கும் போடலாமான்னு கிளப்பில் ஒரு பெரியவரைக் கேட்டேன். பதறிட்டார். அமோனியா கலந்த எதையும் பக்கத்துலகூடக் கொண்டுபோகாதேன்னார். ஏன்னு கேட்டா, எங்க காலத்துலேர்ந்து அப்படித்தான்னு சொல்றார். ஏன் சார்?"

நல்ல கேள்வி. இதற்கான பதில் அமெரிக்காவில் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் மழைக்காலத்தில், ராணுவக் குதிரை லாயங்களில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால், தோட்டாக் கூட்டுக்கு ஏன் பித்தளை என்று பார்த்துவிடுவோம்.

துப்பாக்கி சுடும்போது உள்ளே இருக்கும் கூடு கொஞ்சம் விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கொதிக்கிற வாயு பின்பக்கமாகச் சுடுகிறவர் முகத்துக்கு வராது. அடுத்த கணமே கூடு கொஞ்சம் சுருங்க வேண்டும். இல்லையென்றால் வெளியே இழுக்க முடியாது. விரியவும் வேண்டும், பழைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும். இந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை.

1866-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஸ்னைடர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. அதற்கான தோட்டாவை வடிவமைத்தவர் கர்னல் எட்வர்ட் பாக்ஸர். அவருடைய முதல் கூடுகள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தவை. 1871-ல் வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் அதே மாதிரி சுருட்டிய கூடுதான். சூடான் போரில், 1885 ஜனவரியில் அபு கிளியா என்ற இடத்தில், மணலும் வெப்பமும் சேர்ந்து அந்த மெல்லிய கூடுகள் அறைக்குள் சிக்கிக்கொண்டன. எதிரி பத்தடி தூரத்தில் நிற்கும்போது துப்பாக்கி வெறும் தடியாகிவிட்டால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதன் பிறகுதான் ஒரே துண்டுப் பித்தளையை அச்சில் அழுத்தி, இழுத்து, நீட்டிச் செய்யும் கெட்டியான கூடு பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. ஒரு பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அப்படி இழுத்துச் செய்த பித்தளைக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் சுத்தம் செய்கிற கதை. அந்தக் காலத்து மருந்து கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி. எரிந்து முடிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகை, கரி, உப்பு எல்லாம் கலந்த ஒரு பிசுக்கு. அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பித்தளையை அரிக்க ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் தங்கள் கூடுகளைப் பொறுக்கி வைத்துத் திரும்ப நிரப்பினார்கள். 1880-களில் அமெரிக்க ராணுவமும், பயிற்சிச் செலவைக் குறைக்க, படைப்பிரிவுகளுக்கே நிரப்பும் கருவிகளைக் கொடுத்தது. சுட்டதும் கூட்டைத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கணும். தள்ளிப்போட்டால் கூடு வீண். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது, கழுவினால் போனது.

நம்ம வீட்டுக் கதையும் இதுதானே. எங்க பாட்டி வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பாங்க. புளியின் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கும். "ரொம்ப நேரம் ஊறவிடாதே, செவந்துபோயிடும்"னு ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். பாட்டி சொன்னது வேதியியல்படி சரி. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் மேற்பரப்பில் இருக்கும் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் நிற்கும். தோட்டாக் கூட்டை அமிலத்தில் கழுவுகிறவர்களும் இளஞ்சிவப்பு நிறம் வந்தால் பயப்படுவது இதனால்தான்.

1890-களில் புகையில்லாத மருந்து வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். பிசுக்கு இல்லை, கூட்டின் உள்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இனிமேல் எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். சுத்தமாகத் தெரிந்த கூடுகள், அடுத்த முறை சுடும்போது கண்ணாடி மாதிரி உடைந்தன.

காரணம் பிரைமரில் இருந்தது. அதில் பாதரசம் கலந்த ஒரு வெடிச்சேர்மம் உண்டு. வெடிக்கும்போது பாதரசம் ஆவியாக வெளியே வரும். கருமருந்துக் காலத்தில் அந்த ஏராளமான பிசுக்கே பாதரசத்தை வாங்கிக்கொண்டது, கழுவும்போது அதோடு போய்விட்டது. புது மருந்தில் பிசுக்கு இல்லை. பாதரசம் நேராகப் பித்தளைக்குள் இறங்கியது. அதாவது, அழுக்கு என்று நாம் திட்டியதுதான் இத்தனை நாள் கூட்டைக் காப்பாற்றியிருக்கிறது! பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனல் இதைக் கண்டுபிடித்து, 1898-ல் பாதரசம் இல்லாத பிரைமருக்கு மாறியது. அதில் குளோரேட் உப்பு. கூடு பிழைத்தது, ஆனால் அந்த உப்பின் மிச்சம் துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க வைத்தது. அது தனிக்கதை.

இப்போது நம் குதிரை லாயத்துக்கு வருவோம்.

இந்தியாவில் பருவமழை தொடங்கினால் ராணுவ நடமாட்டம் குறையும். மழை முடியும்வரை தோட்டாப் பெட்டிகளைக் கூரை உள்ள இடத்தில் வைக்க வேண்டும். அப்படிக் கிடைத்த இடங்களில் குதிரை லாயங்களும் இருந்தன. மழை விட்டுப் பெட்டியைத் திறந்தால், ஒருமுறைகூடச் சுடாத புதுத் தோட்டாக்களின் கூடுகளில் விரிசல். பெரும்பாலும் குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில், நீளவாக்கில். யாரும் தட்டவில்லை, போடவில்லை. பெட்டிக்குள் இருந்தபடியே வெடித்திருக்கிறது.

மழைக்காலத்தில் வருகிறது என்பதால் இதற்கு "சீசன் கிராக்கிங்" என்று பெயர் வந்ததாக உலோகவியல் புத்தகங்கள் சொல்கின்றன. பருவ விரிசல் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது இந்தப் பெயர்தான். பெயரிலேயே பழியை மழை மேல் போட்டாச்சு. இந்தியாவின் சீதோஷ்ணம் சரியில்லை, என்ன செய்வது? அவ்வளவுதான். மழையை யாரும் விசாரணைக்குக் கூப்பிட முடியாது இல்லையா? ஆனால் அந்தத் தோட்டாவை வாங்கித் துப்பாக்கியில் போடும் சிப்பாய்க்குப் பெயரைப் பற்றிக் கவலை இல்லை. விரிசல் விட்ட கூடு வழியாக வாயு கசிந்தால் போகப்போவது அவன் கண்.

உண்மையான காரணத்தை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தெளிவாக எழுதினார்கள். இரண்டு விஷயம் சேர வேண்டும். முதலாவது லாயத்தில் இருந்தது: குதிரைச் சிறுநீர் அழுகும்போது கிளம்பும் அமோனியா. பிளஸ் டூ லேபில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செம்பு உப்புக் கரைசலில் அமோனியாவை விட்டால் அடர்நீலம் வரும். செம்பை அமோனியா அப்படிக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மழைக்கால ஈரமும் காற்றும் கூட இருந்தால், பித்தளையின் நுண்மணிகளுக்கு இடையே இருக்கும் எல்லைக்கோடுகள் வழியாக அது உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டாவது, தொழிற்சாலையிலிருந்தே கூடவே வந்தது. நான் முன்னாடி சொன்னேனே, இழுத்துச் செய்த பித்தளைக்குள் ஒளிந்திருந்தது என்று, அது இதுதான். குளிர்ந்த நிலையில் அழுத்தி, இழுத்து, கழுத்தைக் குறுக்கும்போது உலோகத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அமோனியா ஒரு நூலிழை அளவு அரித்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அந்த இறுக்கமே கிழித்துவிடும்.

அப்போ மழைக்கு என்ன பங்கு? ஈரம் கொடுத்தது, அவ்வளவுதான். லாயத்தில் வைத்தது மனிதர்கள். இறுக்கத்தைப் போக்காமல் அனுப்பியது தொழிற்சாலை.

மருந்தும் எளிமையானது. செய்து முடித்த கூட்டை சுமார் 250 முதல் 300 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டால், உறுதி குறையாமல் இறுக்கம் மட்டும் தளரும். தளர்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனையும் இருந்தது. பாதரச உப்புக் கரைசலில் ஒரு மாதிரிக் கூட்டைப் போட்டு வைப்பார்கள். இறுக்கம் மிச்சம் இருந்தால் சீக்கிரமே விரிசல் விடும். பிரைமரில் வில்லனாக இருந்த அதே பாதரசத்தைச் சோதனைச்சாலையில் சாட்சியாக நிறுத்திவிட்டார்கள்.

இப்போது நேயருக்குப் பதில். அந்தப் பெரியவர் சொன்னது சரி. பித்தளைக்கான திரவப் பாலிஷ்கள் பலவற்றில் அமோனியா உண்டு. உங்கள் குத்துவிளக்குக்கு அதனால் பெரிய ஆபத்து வராது. அதற்குள் அடுத்த வாரம் வெடி வெடிக்கப்போவதில்லை. தோட்டாக் கூடு அப்படி இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிகிறது, திரும்ப அச்சில் போட்டுக் குறுக்கப்படுகிறது. இறுக்கம் மறுபடி ஏறுகிறது. அதன் மேல் அமோனியா தடவுவது, அந்த லாயத்தை உங்கள் வீட்டு மேஜைக்குக் கொண்டுவருவது மாதிரி. இன்றைக்கு உடைத்த வால்நட் ஓடு, சோளக்கதிர்த் தக்கை, இல்லையென்றால் சோப்புத் தண்ணீரும் சின்ன எஃகு ஊசிகளும் போட்டுச் சுழற்றிக் கழுவுகிறார்கள். அது போதும்.

இன்னொன்றும் சொல்லணும். இன்றைய பிரைமர்களில் பெரும்பாலும் பாதரசம் இல்லை, ஈயச் சேர்மம் இருக்கிறது. கூட்டை உலர்வாகச் சுழற்றும்போது பறக்கிற தூசியில் அந்த ஈயம் வரும். கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு உள்ளே போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் மோசம். வெளியே வைத்துச் செய்யுங்கள், கையைக் கழுவுங்கள், சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒரு விஷயம். அமெரிக்க ராணுவத் தோட்டாக்களைப் பார்த்திருந்தால், கழுத்துப் பக்கம் ஒரு நீலம் கலந்த கருகல் நிறம் இருக்கும். கடைத் தோட்டாக்களில் அதை பாலிஷ் போட்டு எடுத்துவிடுவார்கள், பார்க்க அழகாக இருக்கணும் என்று. ராணுவம் எடுப்பதில்லை. கழுத்தைச் சூடாக்கி இறுக்கத்தைப் போக்கியாச்சு என்பதற்கு அந்தக் கறைதான் அடையாளம். சோதிக்கிறவர் தேடுவதும் அதைத்தான்.

பாட்டிக்குப் பளபளப்புதான் சுத்தம். சிப்பாய்க்கு அந்தக் கறை. உங்கள் கேள்விகளை எப்போதும் போல எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.