வெளியீட்டுக்கு முந்திய செவிகள்: மின்னிசை வரலாற்றில் ஓர் இடைநிலை

சில ஆண்டுகளுக்கு முன் தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு சொல் கேட்டு வந்தார். அவர் கணினியில் மின்னிசை அமைப்பவர். தாம் அமைத்த இசையை வெளியிடுவதற்கு முன் இணையத்தின் வழியாகச் சிலருக்கு மட்டும் கேட்கக் கொடுப்பது அவருடைய வழக்கம். அந்நிலையில் இருக்கும் இசைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே அவர் வினா. “வெளியிடப்படாத இசை” என்றோம். “ஐயா, வெளியிடப்படாதது என்றால் யாரும் கேட்காதது என்று பொருளாகிவிடுமே. இதை முப்பது பேர் கேட்டுவிட்டார்கள்” என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொற்களோடு வாழ்ந்த நமக்கு அன்று விடை வரவில்லை. அவ்வினாவே இவ்வுரைக்கு வித்து.

‘வெளியிடு’ என்னும் வினைக்குள் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. ஆக்கத்தைப் பிறருக்குக் கொடுத்தல் ஒன்று. ‘இது நிறைவுற்றது, இதற்கு யானே பொறுப்பு’ என்று ஆக்கியோன் அறிவித்தல் மற்றொன்று. அச்சு நூலில் இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்வதால் ஒரு சொல்லே போதுமானதாகிவிட்டது. அரங்கேற்றம் என்னும் பழைய வழக்கத்தில் இவற்றுக்கிடையே ஓர் இடைவெளி இருந்தது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் நூலின் பெருமையைக் கூறுவதோடு நில்லாமல், நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசானின் முன் அது உரைக்கப்பெற்றதையும் குறிக்கிறது. எவர் முதலில் கேட்டார் என்பது அங்கே நூலின் வரலாற்றில் ஒரு பகுதியாகும். மின்னிசையாளர் பேணிவந்ததும் இத்தகைய இடைவெளியையே. அதை இழக்க நேர்ந்த ஒருவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

இப்பழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1950களிலிருந்து ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி நடன இரவுகளை நடத்திய ‘சவுண்ட் சிஸ்டம்’ குழுக்கள், மாற்றாரிடம் இல்லாத இசைத்தட்டுக்காகப் போட்டியிட்டன. அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய அரக்குப் பூச்சிட்டு, அதில் நேரடியாக ஒலித்தடம் வெட்டி, ஒரே ஒரு படி எடுப்பர். இதற்கு ‘டப்பிளேட்’ என்று பெயர். அப்பூச்சு மென்மையானது, ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும். 1990களில் இலண்டனின் ஜங்கிள் இசையாளரும், அடுத்த பத்தாண்டில் டப்ஸ்டெப் இசையாளரும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். புதிய பாட்டை எந்த டிஜேயின் கையில் கொடுப்பது என்பதை அமைத்தவரே முடிவு செய்தார். கேட்க விரும்பியோர் அந்த டிஜே வாசிக்கும் இடத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது. ஸ்கிரீம் என்பவரின் ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’ 2005இல் கடைக்கு வருமுன்பே நடன அரங்குகளில் புகழ்பெற்றுவிட்டது இவ்வாறுதான்.

சிகாகோ நகரத்துக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாய்வாளருக்கு அதில் வேலை இருக்கிறது.

ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்னும் சிறு கருவி, தனியே பயிலும் கித்தார் கலைஞருக்குத் துணையாகத் தாழ்சுரம் வாசிப்பதற்கென 1981இல் செய்யப்பட்டது. எவருக்கும் பிடிக்கவில்லை. 1984இல் உற்பத்தி நின்றது. பழைய கருவி ஒன்றை மலிவாக வாங்கிய மூன்று இளைஞர்கள், டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே ஆகியோர், அதன் திருகுகளை முறைதவறித் திருப்பிக்கொண்டே இருந்ததில் அதுவரை கேட்டிராத ஒரு நெளியும் ஒலி பிறந்தது. ‘பியூச்சர்’ என்பது அவர்களுடைய குழுவின் பெயர். பாட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘இன் யுவர் மைண்ட்’. ஒலிநாடாவில் பதிந்து, ‘மியூசிக் பாக்ஸ்’ நடன அரங்கின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தனர். முதன்முறை அவர் அதை ஒலிக்கச் செய்தபோது ஆடிக்கொண்டிருந்தோர் விலகிச் சென்றனர் என்றும், அவர் விடாமல் அதே இரவில் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து நான்காம் முறையில் அரங்கையே ஆர்ப்பரிக்க வைத்தார் என்றும் அக்குழுவினர் பின்னாளில் கூறியுள்ளனர்.

அங்கே ஆடியவர்கள் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் கைமாறின. அவற்றின்வழி அப்பாட்டு ‘ரான் ஹார்டியின் ஆசிட் டிராக்’ என்று வழங்கலாயிற்று. டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் 1987இல் அதை வெளியிட்டபோது ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் பெயரே நின்றது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்று உலகறிந்த இசைவகைக்குப் பெயர் தந்ததிலும் அதற்குப் பங்குண்டு. ஆக்கியோர் இட்ட பெயர் போய், கேட்டோர் இட்ட பெயர் நிலைத்தது. அந்த வழக்குப் பெயரில் உள்ள ஆறாம் வேற்றுமையைக் கவனியுங்கள். பாட்டு ஆக்கியவர்க்கு உரியதாகாமல், அதை ஒலிக்கச் செய்தவர்க்கு உரியதாகிறது. கிழமைப் பொருளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் எவரேனும் இவ்வெடுத்துக்காட்டைப் பயன்படுத்தினால் நாம் மகிழ்வோம். இதில் பியூச்சர் குழுவினர்க்குப் பெரிய இழப்பு இல்லை. நாடாவைக் கொடுத்தது அவர்களே, கொடுத்தது ஒருவரிடமே, வெளியிடும் நாளிலும் அவர்கள் உடனிருந்தனர்.

ஒலிநாடாவிலிருந்து ஒலிநாடாவுக்குப் படியெடுக்கும்தோறும் இரைச்சல் கூடும். டப்பிளேட் தேயும். தேய்மானமே ஒரு வேலியாக இருந்தது. நூறாவது படியைக் கேட்பவர், தாம் கேட்பது மூலமன்று என்பதைத் தம் செவியாலேயே உணர்வார். எண்முறைக் கோப்புக்கு இந்த அடையாளம் இல்லை. நூறாவது படியும் மூலமும் ஒன்றே. 2007இல் தொடங்கப்பட்ட சவுண்ட்கிளவுட் தளம், இசையாளர் தம் பதிவுகளைத் தம்முள் பகிர்ந்துகொள்ளவே முதலில் எண்ணப்பட்டது. அதில் பொதுமக்களுக்குத் தெரியாத தனி இணைப்பு ஒன்றை உருவாக்கி, வேண்டியவருக்கு மட்டும் அனுப்பலாம். ஆனால் அவ்விணைப்பு சில எழுத்துகளின் கோவைதான். அதை வைத்திருப்பவர் எவரோ அவரே கேட்போர். கொடுத்தவரை அது கேட்பதில்லை.

இதனால் நன்மையே விளைந்ததும் உண்டு. அஃபெக்ஸ் டுவின் என்று அறியப்படும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், 2015 தொடக்கத்தில் எண்களாலான ஒரு பயனர் பெயரில் பல்லாண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்த தம் பாட்டுகளை சவுண்ட்கிளவுட்டில் ஏற்றத் தொடங்கினார். நூற்றைத் தாண்டி, இருநூறையும் அது கடந்தது. அவருடைய ‘காஸ்டிக் விண்டோ’ தொகுப்போ 1994இல் சோதனைத் தட்டுகள் சில அடிக்கப்பட்டதோடு கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தட்டு விற்பனைக்கு வந்தபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அன்பர்கள் பணம் திரட்டி, உரிய இசைவும் பெற்று, அதை வாங்கி எண்முறைப் படிகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். தட்டு பின்னர் ஏலத்தில் 46,300 அமெரிக்க டாலருக்குப் போயிற்று. இவ்விரண்டிலும் ஆக்கியோனின் விருப்பமோ இசைவோ இருந்தது.

ஜெய் பால் என்பவருக்கு அது வாய்க்கவில்லை. இந்திய வம்சாவளியினரான இவர் இலண்டனின் வடமேற்குப் புறநகரைச் சேர்ந்தவர், தம் இல்லத்திலேயே இசை அமைப்பவர். 2007இல் மைஸ்பேஸ் தளத்தில் அவர் இட்டுவைத்த ஒரு முன்மாதிரிப் பாட்டு மெல்ல மெல்லப் பரவி, எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தில் அவருக்கு இடம் பெற்றுத் தந்தது. 2011இல் முதற்பாட்டு முறையாக வந்தது. 2012இல் வந்த ‘ஜாஸ்மின்’ பாட்டின் பெயரோடு அடைப்புக்குள் ‘டெமோ’ என்று சேர்த்தே வெளியிட்டார். முறையாக வெளியிட்டதையும் முன்மாதிரி என்றே குறித்த மனிதர் அவர். நிறைவுற்றது என்னும் அறிவிப்பைத் தருவதற்கு அவ்வளவு தயங்கினார்.

2013 ஏப்ரலில், அவருடைய பெயரில் 16 பதிவுகள் பேண்ட்கேம்ப் தளத்தில் விலைக்கு வைக்கப்பட்டன. அவற்றுக்குப் பெயரும் இடப்பட்டிருக்கவில்லை. அவை தாம் ஏற்றியவை அல்ல, தம் முதல் தொகுப்பும் அல்ல என்று அவர் உடனே அறிவித்தார். நிறுவனமும் அதையே சொல்லிற்று. தளத்திலிருந்து அவை நீக்கப்பட்டன. எனினும் படிகள் எங்கும் பரவிவிட்டன. அவ்வாண்டின் சிறந்த தொகுப்புகளின் பட்டியல்களில் இதழ்கள் அதைச் சேர்த்தன. பாராட்டுத்தான். ஆனால் முற்றுப்பெறாத வரைவைப் பிறர் எடுத்துச் சென்று அச்சிட்டு, அதற்கே பரிசும் கொடுத்தால் எழுதியவர் என்ன செய்வார்? நம் ஆய்வேட்டின் திருத்தப்படாத தட்டச்சுப்படி ஒன்று நமக்குத் தெரியாமல் கைமாறி, அதிலிருந்த பிழையோடு மேற்கோளாக நமக்கே திரும்பி வந்த அனுபவம் நமக்கும் உண்டு. அது சில பத்துப் பேர் அறிந்த சங்கடம். ஜெய் பாலுடையது உலகறிந்தது. அவரே விளம்பரத்துக்காகச் செய்த தந்திரம் என்று பலர் நம்பியது மேலும் நோகச் செய்தது. அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், ஒரு நீண்ட கடிதத்தோடு அப்பதிவுகளைத் தாமே வெளியிட்டார். அத்தொகுப்பில், வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் 1979இல் வந்த ‘மீரா’ என்னும் இந்திப் படத்துக்காகப் பாடிய குரலை எடுத்தாண்ட ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா மும்பை’ என்னும் பாட்டும் உண்டு. தொகுப்புக்கு இட்ட பெயர் ‘லீக் 04-13’ என்று தொடங்குகிறது. கசிவு என்னும் சொல்லும், கசிந்த மாதமும் ஆண்டும் பெயரிலேயே நின்றன. பாட்டுகளை அவர் புதிதாக முடிக்க முயலவில்லை. பல தலைப்புகளுக்குப் பின்னால் அடைப்புக்குள் ‘முடிவுறாதது’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை மட்டும் சேர்த்தார். 2013இல் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது, பணத்தைவிட, அந்த ஒரு சொல்லை இடும் உரிமை என்றே நாம் கருதுகிறோம். 2023இல்தான் அவர் முதன்முறையாக மேடையேறிப் பாடினார்.

அம்மாணவருக்குப் பின்னர் ஒரு சொல்லைப் பரிந்துரைத்தோம்: கேட்புப்படி. கையெழுத்துப்படி, தட்டச்சுப்படி என்பவற்றின் வரிசையில் அமைந்தது. கேட்பதற்கென்று கொடுக்கப்பட்டது, இன்னும் மாறக்கூடியது என்னும் இரு பொருளும் அதில் உண்டு. “நல்லா இருக்கு, ஐயா. ஆனால் நண்பர்கள் டெமோ என்றால்தான் புரிந்துகொள்வார்கள்” என்றார். எனினும் அடுத்த வாரம் அவர் நமக்கு அனுப்பிய கோப்பின் பெயரில் நாளும், நம் பெயரும், கேட்புப்படி என்னும் சொல்லும் இருந்தன. இசை நமக்கு அவ்வளவாகப் புரியவில்லை. எவருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிறோம்.