தொப்பியைக் கழற்றாதவர்கள்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்மக்கள் தொப்பியை வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் அணிந்தார்களில்லை. வீட்டுக்குள்ளும், உணவு மேசையிலும் அது பெரும்பாலும் தலையிலேயே இருந்தது. ஆகவே அதை யார் முன்னிலையில் எடுப்பது, எவ்வளவு நேரம் எடுத்த கையோடு நிற்பது என்பதில், மகன் தந்தைக்கும், வேலையாள் எசமானனுக்கும், குடியானவன் பிரபுவுக்கும், பிரபு அரசனுக்கும் எத்தனை படி தாழ்ந்தவர்கள் என்ற கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது. இந்தச் சம்பிரதாயத்துக்கு உடன்படமாட்டோம் என்று ஒரு சிறு கூட்டம் கிளம்பியபோது, அவர்கள் பட்ட அடியும் குத்தும் சிறைவாசமும் கொஞ்சமல்ல. பிடுங்கி எறியப்பட்ட தொப்பிகள் பல, திரும்பக் கிடைக்காமலே போயின என்று அவர்களுடைய தலைவரான ஜார்ஜ் பாக்ஸ் தம் சரிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

பாக்ஸ் 1624-இல் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்து, செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். அரசனும் பாராளுமன்றமும் வாளேந்திப் பொருதிய அந்நாளில், ஆத்ம சாந்தியைத் தேடிப் போதகர் ஒவ்வொருவரிடமும் சென்று, ஒருவரிடமும் விடை காணாமல் அலைந்து திரிந்த அந்த இளைஞருக்கு, கிறிஸ்துவின் ஒளி குருமாரின் தயவின்றி ஒவ்வொரு மனிதனுடைய உள்ளத்திலும் பிரகாசிக்கிறது என்ற உண்மை ஒரு நாள் புலப்பட்டது. அதைக் கேட்டு அவரோடு சேர்ந்தவர்கள் தங்களை நண்பர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். 1650-இல் டார்பி நகரத்து நியாயாதிபதி ஒருவர் பரிகாசமாகச் சொன்ன ‘குவேக்கர்’ என்ற பெயரே உலகில் நிலைத்துவிட்டது. எல்லோர் உள்ளத்திலும் அந்த ஒளி உண்டு என்றால், ஒருவனுக்கு முன் தலையை மூடிக்கொண்டும் வேறொருவனுக்கு முன் தலையைத் திறந்துகொண்டும் நிற்பதற்கு நியாயம் எங்கே? பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டுவதைக் கண்டிக்கும் யாக்கோபின் நிருபத்தை அவர்கள் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். ஜெபிக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றினார்கள்; அந்த மரியாதை தேவனுக்கே உரியது என்பது அவர்கள் துணிபு.

1656-இல் லான்ஸ்டன் நீதிமன்றத்தில், நியாயாதிபதிக்கு முன் தொப்பியை எடுக்கவேண்டும் என்று வேதத்தில் எங்கே கட்டளையிட்டிருக்கிறது என்று பாக்ஸ் கேட்டார். வேதகாலத்தில் தொப்பி ஏது, காட்டும் பார்க்கலாம் என்று நீதிபதி மடக்கினார். நேபுகாத்நேச்சாரின் அக்கினிச் சூளையில் மூன்று வாலிபரும் தலைப்பாகையோடேயே எறியப்பட்டார்கள் என்று தானியேலின் ஆகமத்தை எடுத்துக்காட்டினார் கைதி. விடை கிடைத்ததேயன்றி விடுதலை கிடைக்கவில்லை. நாற்றமெடுத்த நிலவறையில் அடைத்துவைத்தார்கள்.

இவ்வழக்குகள் எல்லாவற்றிலும் சரித்திரப் பிரசித்தி பெற்றது 1670-இல் லண்டன் ஓல்ட் பெய்லியில் நடந்தது. ஜமெயிக்காத் தீவை வென்ற கடற்படைத் தளபதியின் மகனாகிய வில்லியம் பென், தம் சபையாரின் ஆலயத்தைப் படைவீரர் பூட்டிவிட்டதால் கிரேஸ்சர்ச் தெருவில் நின்று பிரசங்கித்தார். கலகக் கூட்டம் கூட்டினார் என்று அவர்மேலும் வில்லியம் மீட் என்ற நண்பர்மேலும் குற்றஞ்சாட்டினார்கள். உள்ளே நுழைகையில் யாரோ ஒரு சேவகன் அவர்கள் தொப்பிகளை எடுத்துவிட்டிருந்தான். நகரத்தலைவர் அதைக் கண்டு, தொப்பிகளை மறுபடியும் அவர்கள் தலையில் வைக்கச் சொல்லி உத்தரவிட்டார்; வைத்தபின், நீதிமன்றத்தில் தொப்பியோடு நின்ற குற்றத்துக்காக ஆளுக்கு 40 மார்க்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு நீதிஸ்தானம் தன்னைத் தானே இதைவிடக் கேவலப்படுத்திக்கொண்ட சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பன்னிரண்டு ஜூரிகளும், பென் தெருவில் பேசினார் என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல மறுத்தார்கள். உணவின்றி, நெருப்பின்றி, இரவெல்லாம் பூட்டிவைத்தும் அவர்கள் அசையவில்லை. முடிவில் குற்றவாளிகள் அல்லர் என்றே தீர்ப்பளித்தார்கள். அதற்காக அந்த ஜூரிகளுக்கே அபராதம் போட்டு நியூகேட் சிறைக்கு அனுப்பினார்கள். அவர்களில் எட்வர்ட் புஷெல் என்பவர் தொடுத்த வழக்கில்தான், தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரியைத் தண்டிக்கலாகாது என்ற விதியைப் பிரதம நீதிபதி வான் நிலைநாட்டினார். பென்னோ பிரதான வழக்கில் விடுதலை பெற்றும் தொப்பிக்கு விதித்த அபராதத்தைக் கட்ட மறுத்துச் சிறை புகுந்தார். மரணப் படுக்கையில் இருந்த தகப்பனார் பக்கலிலிருந்து பணம் கட்டப்பட்டுத்தான் வெளியே வந்தார்.

தொப்பியோடு நிற்கவில்லை அவர்கள் வைராக்கியம். பெரியவர் சிறியவர் என்று பாராமல் எல்லோரையும் ஒருமையிலே விளித்தார்கள். புறச்சமயத் தெய்வங்களின் பெயரைத் தாங்கிய கிழமைகளையும் மாதங்களையும் எண்ணிட்டே வழங்கினார்கள். சரிகையும் ரிப்பனும் விட்டுச் சாதாரண உடையே தரித்தார்கள். இவற்றை நான் விரித்துரைக்கப் போவதில்லை, ஏனெனில் பிற்காலத்தில் இந்த உடையும் பேச்சுமே மற்றொரு சம்பிரதாயமாக உறைந்துபோய், உள்ளொளி மங்கியவர்களுக்கும் வெளிவேஷமாக உதவின. நான் நின்று பார்க்க விரும்புவது அவர்கள் கடைகளை.

அக்காலத்து அங்காடியில் எப்பொருளுக்கும் நிலையான விலை இல்லை. விற்பவன் கொள்ள நினைப்பதைவிட அதிகமாகச் சொல்வதும், வாங்குபவன் கொடுக்க நினைப்பதைவிடக் குறைத்துக் கேட்பதும், இருவரும் சத்தியம் செய்துகொண்டே நடுவில் வந்து சேர்வதும் வியாபார தர்மமாகவே எண்ணப்பட்டன. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் மட்டும் சொல் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கட்டளையிட்டிருக்க, கொடுக்கச் சித்தமாயுள்ள விலை ஒன்றும் வாயால் சொல்லும் விலை ஒன்றுமாக இருப்பது பொய்யல்லாமல் வேறென்ன என்று குவேக்கர் வணிகர் கேட்டார்கள். விலையை ஒரே முறை சொன்னார்கள், அதற்குமேல் பேசவில்லை. பேரம் பேசுவதில் இன்பம் கண்ட ஜனங்கள் முதலில் அவர்கள் கடைப் பக்கம் தலைவைக்கவில்லை. சிலர் அன்றாட ஆகாரத்துக்கே வழியின்றித் தவித்தார்கள். பிறகு, ஒரு குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் விலையிலேயே பொருள் கிடைக்கும் என்று ஊர் அறிந்ததும், கூட்டம் அங்கே திரும்பிற்று. அதே மலைப்பிரசங்கத்தில் சத்தியமே பண்ணவேண்டாம் என்றிருப்பதால் அவர்கள் பிரமாணம் செய்ய மறுத்தார்கள். அதன் பலனாக அரசாங்க உத்தியோகமும் பல்கலைக்கழகப் பட்டங்களும் அவர்களுக்கு அடைபட்டன. பார்க்லேஸ், லாயிட்ஸ் முதலிய வங்கிகளும், காட்பரி, பிரை, ரவுன்ட்ரி முதலிய சாக்கலேட் நிறுவனங்களும் குவேக்கர் குடும்பங்களிலிருந்து எழுந்ததற்கு இந்த இரண்டும் காரணங்கள்.

செல்வம் வந்தபின் சோதனையும் வந்தது. இதை மறைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். அமெரிக்கக் குடியேற்றங்களில் வாழ்ந்த குவேக்கர்களில் பலர், பின்னாளில் அங்கே சென்ற பென் உட்பட, அடிமைகளை வைத்திருந்தார்கள். தொப்பியில் சமத்துவம் கண்டவர்கள் வயலில் அதைக் காணவில்லை. 1688-இல் ஜெர்மன்டவுன் ஊரில் நால்வர் கையெழுத்திட்டு, மனிதரை விலைக்கு வாங்குவது ஆண்டவரின் போதனைக்கு விரோதம் என்று எழுதிய விண்ணப்பத்தை, ஒரு கூட்டம் அடுத்த பெரிய கூட்டத்துக்கு அனுப்பி, அது அதற்கும் பெரிய கூட்டத்துக்கு அனுப்பி, அங்கே முடிவு சொல்லாமல் வைத்துவிட்டார்கள். இந்தத் தீமையைக் கண்டித்து உரக்கப் பேசிய பெஞ்சமின் லேயைச் சபையே தள்ளிவைத்தது. உலகத்தின் வழக்கத்தை எதிர்ப்பதைவிடத் தம் சொந்தச் சபையின் வழக்கத்தை எதிர்ப்பது எவ்வளவோ கடினம்.

அந்தக் கடினமான காரியத்தைச் செய்தவர் நியூ ஜெர்சியில் மவுன்ட் ஹாலி என்ற சிற்றூரில் தையல் தொழில் செய்த ஜான் உல்மன். இளமையில் ஒரு கடையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தபோது, எசமானர் சொற்படி ஒரு நீக்ரோப் பெண்ணை விற்கும் கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர். எழுதும்போதே இது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று வாய்விட்டுச் சொன்னவர். இரண்டாம் முறை மற்றொருவர் கேட்டபோது எழுத மறுத்தவர். வியாபாரம் பெருகப் பெருக ஆத்மாவுக்குப் பாரமாகிறதென்று கண்டு அதைக் குறைத்துக்கொண்டார். அடிமைகளை உடைய குவேக்கர் வீடுகளுக்குச் சென்று தங்கி, ஒருவரையும் வையாமல், தனிமையில் அமர்ந்து அன்போடு பேசி, விடைபெறும்போது அந்த அடிமைகள் தமக்குச் செய்த ஊழியத்துக்குக் கூலி வைத்துவிட்டு வந்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை விட்டார். சாயமிட்ட துணியையும் விட்டு இயற்கை நிறத்துத் தொப்பியை அணிந்தார். வெள்ளைத் தொப்பி அப்போது நாகரிகமாகியிருந்ததால், இவரும் அந்த மோஸ்தரைப் பின்பற்றுகிறார் என்று சொந்தச் சபையாரிலேயே சிலர் சந்தேகித்தார்கள். அந்த வருத்தத்தையும் பொறுத்துக்கொண்டார்.

1758-இல் குவேக்கர்களின் பிலடெல்பியா வருஷக் கூட்டம், அடிமை வாங்கி விற்போரைச் சபைக் காரியங்களிலிருந்து விலக்கியது. உல்மனும் வேறு சிலரும் வீடுவீடாகச் சென்று பேச நியமிக்கப்பட்டார்கள். 1772-இல் அவர் இங்கிலாந்து சென்று, தபால் வண்டிக் குதிரைகளும் அவற்றை ஓட்டும் சிறுவர்களும் படும் துன்பத்தைக் கேட்டு அவ்வண்டியில் ஏறாமல் கால்நடையாகவே பயணம் செய்து, யார்க் நகரில் அம்மை கண்டு காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1776-இல், பிலடெல்பியாக் கூட்டம் அடிமை வைத்திருப்பவனுக்குச் சபையில் இடமில்லை என்று விதித்தது.

1787 மே 22-ஆம் தேதி லண்டனில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கூடிய குழுவின் பன்னிருவரில் ஒன்பது பேர் குவேக்கர்கள். பிரமாணம் செய்ய மறுப்பவருக்குப் பாராளுமன்றத்தில் இடமில்லையாதலால், அங்கே இதற்காக வாதாடும் பணியை உறுப்பினராயிருந்த வில்பர்போர்ஸ் ஏற்றார். அவ்வியாபாரம் 1807-இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் 1832-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிரமாணத்துக்குப் பதிலாக வெறும் உறுதிமொழி கூறி 1833-இல் பாராளுமன்றச் சபையில் அமர்ந்தார். அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டமும் அந்தச் சபையில் நிறைவேறியது.