ஐக்கிய அமெரிக்காவில் இனக்குழு ஆய்வுகள்

இனக்குழு ஆய்வுகள் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு, இலக்கியம், திரைப்படம் ஆகியவற்றை அந்நாட்டில் வாழும் பல்வேறு இனக்குழுக்களின் நோக்கிலிருந்து ஆராயும் கல்வித்துறை ஆகும். ஆபிரிக்க அமெரிக்கர், முதற்குடி மக்கள், மெக்சிக்க அமெரிக்கர், ஆசிய அமெரிக்கர் ஆகியோர் பற்றிய ஆய்வுகள் இதன் நான்கு முதன்மைப் பிரிவுகளாகக் கொள்ளப்படுகின்றன. யூதர், ஐரியர், இத்தாலியர் முதலிய ஐரோப்பியக் குடியேறிகள் பற்றிய ஆய்வு இதற்கு முன்பே குடியேற்ற வரலாறு என்ற பெயரில் வளர்ந்திருந்தது.

தோற்றம்

கார்ட்டர் வுட்சன் 1915 இல் கறுப்பின வரலாற்றை ஆராய ஒரு கழகத்தை நிறுவி, 1926 இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். எனினும் பல்கலைக்கழகங்களில் இது தனித்துறையாக இடம்பெற ஒரு மாணவர் போராட்டம் தேவைப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் 1968 நவம்பரில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கின. அது 1969 மார்ச் வரை நீடித்தது. போராட்டத்தைக் கடுமையாக எதிர்த்த கல்லூரித் தலைவர் எஸ். ஐ. ஹயகாவா, கனடாவில் சப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த மொழியியலாளர். மாணவர்களின் ஒலிபெருக்கிக் கம்பிகளைத் தம் கையால் பிடுங்கியெறிந்து நாடெங்கும் அறியப்பட்ட அவர், பின்னர் அமெரிக்க மேலவை உறுப்பினரும் ஆனார். போராட்டத்தின் முடிவில் அக்கல்லூரியில் இனக்குழு ஆய்வுப் பள்ளி 1969 இல் அமைந்தது.

வரலாறு: "வெள்ளையர்" என்பவர் யார்?

இத்துறையில் மிகுதியாகக் கற்பிக்கப்படும் வழக்குகளுள் இரண்டு குடியுரிமை பற்றியவை. 1790 ஆம் ஆண்டுச் சட்டம் "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. 1870 இல் ஆபிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டனர், ஆசியர் சேர்க்கப்படவில்லை. சப்பானில் பிறந்த தக்காவோ ஒசாவாவின் வழக்கில் 1922 இல் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்பது தோலின் நிறத்தைக் குறிக்காது, காக்கேசிய இனத்தைக் குறிக்கும் என்று கூறி அவரது விண்ணப்பத்தை மறுத்தது. பஞ்சாபில் பிறந்து, முதலாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் இதனையே தமக்குச் சான்றாகக் கொண்டார். அக்கால இனவியலாளர் வட இந்தியரைக் காக்கேசியராகவே வகைப்படுத்தியிருந்தனர். மூன்றே மாதங்களில், 1923 பெப்ரவரியில், அதே நீதிமன்றம் அறிவியல் வகைப்பாட்டை விடுத்து, சாதாரண மனிதர் அச்சொல்லை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பதே அளவுகோல் என்று கூறி அவரது குடியுரிமையையும் மறுத்தது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாந்து. இனம் என்பது இயற்கையில் அமைந்த பகுப்பு அன்று, சட்டத்தாலும் வழக்காலும் ஆக்கப்படுவது என்ற இத்துறையின் மையக் கருத்துக்கு இவ்விரு தீர்ப்புகளையும் விடத் தெளிவான சான்று காண்பது அரிது.

இத்தீர்ப்பைத் தொடர்ந்து, ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலரும் அதனை இழந்தனர். திந்த் முன்னாள் படைவீரர்களுக்கான சட்டத்தின்கீழ் 1936 இல் குடியுரிமை பெற்றார். இந்தியருக்குப் பொதுவாக அவ்வுரிமை 1946 இல் கிடைத்தது. நாட்டு அடிப்படையிலான ஒதுக்கீட்டை 1965 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னரே தமிழர் உள்ளிட்ட தெற்காசியர் பெருமளவில் குடியேறினர்.

இலக்கியம்

மறக்கப்பட்ட நூல்களைத் தேடி மீட்பது இத்துறையின் முக்கியப் பணியாகும். இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ 1,20,000 சப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1943 இல் அவர்களிடம் படையில் சேர்வீர்களா, அமெரிக்காவுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பீர்களா என்று கேட்கப்பட்டது. இரண்டுக்கும் "இல்லை" என்றவர்கள் தம் சமூகத்தினராலேயே வெறுக்கப்பட்டனர். போருக்குப்பின் அத்தகைய வெறுப்பை எதிர்கொண்டு சியாட்டிலுக்குத் திரும்பும் இளைஞன் ஒருவனைப் பற்றி ஜான் ஒக்காடா எழுதிய "நோ-நோ பாய்" என்ற புதினம் 1957 இல் வெளிவந்தது. முகாம்களைப் பற்றிப் பேச விரும்பாத அச்சமூகம் நூலைப் பொருட்படுத்தவில்லை. ஒக்காடா 1971 இல் இறந்தார். அதன் பின்னரே இளம் ஆசிய அமெரிக்க எழுத்தாளர்கள் அந்நூலைக் கண்டெடுத்து 1976 இல் மறுபதிப்புச் செய்தனர். இன்று அது பாடநூலாக உள்ளது.

கயோவா இனத்தவரான ஸ்காட் மொமடே 1969 இல் புலிட்சர் பரிசு பெற்றதும், மாக்சின் ஹாங் கிங்ஸ்டனின் "தி உமன் வாரியர்" 1976 இல் வெளிவந்ததும் பிற திருப்புமுனைகள்.

திரைப்படம்

"தி பர்த் ஆஃப் எ நேஷன்" (1915) கு கிளக்ஸ் கிளானைப் போற்றியது. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ எடுத்த "விதின் அவர் கேட்ஸ்" (1920) அதற்கான மறுமொழியாகக் கருதப்படுகிறது. திரைத்துறை 1930 இல் ஏற்ற தணிக்கை நெறிகள் கறுப்பர், வெள்ளையர் இடையிலான காதல் உறவைக் காட்டத் தடை விதித்தன. நடைமுறையில் ஆசியரையும் இது பாதித்தது. சீன விவசாயக் குடும்பத்தின் கதையான "தி குட் எர்த்" (1937) படத்தில் நாயகன் வேடம் பால் முனி என்ற வெள்ளை நடிகருக்கு அளிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிசில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் விரும்பிய நாயகி வேடம் லூயிஸ் ரைனருக்குச் சென்றது. ரைனர் அதற்கு ஆஸ்கர் விருதும் பெற்றார்.

எதிர்ப்பும் வழக்குகளும்

இத்துறை நாட்டு ஒற்றுமையைக் குலைக்கிறது என்று வரலாற்றாளர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1991 இல் எழுதினார். இவ்விவாதம் நூல்களோடு நிற்கவில்லை. ஒரே இனக்குழுவினருக்காக அமைந்த வகுப்புகளையும் இன வெறுப்பை வளர்க்கும் வகுப்புகளையும் தடை செய்து அரிசோனா 2010 இல் சட்டம் இயற்றியது. அதன் விளைவாக டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக்க அமெரிக்க ஆய்வுகள் 2012 சனவரியில் நிறுத்தப்பட்டு, பாடநூல்கள் வகுப்பறைகளிலிருந்து எடுத்துச்செல்லப்பட்டன. மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். இனப்பகையே அச்சட்டத்தின் நோக்கம் என்று நடுவண் நீதிபதி வாலஸ் தஷிமா 2017 இல் தீர்ப்பளித்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அதே அரிசோனாவின் போஸ்டன் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்.

கலிபோர்னியா எதிர்த்திசையில் சென்றது. அம்மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் 2020 இலும், உயர்நிலைப் பள்ளிகளில் 2021 இலும் இப்பாடத்தைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் நிறைவேறின. பள்ளிகளுக்கான சட்டம் நிதி ஒதுக்கப்பட்டால் மட்டுமே செயலுக்கு வரும் என்ற நிபந்தனை கொண்டது. 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அந்நிதி ஒதுக்கப்படவில்லை.