வேர் முடிச்சு நோயா?

பட்டாணிச் செடியைப் பிடுங்கிப் பாருங்க, வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். 1679-இல் இத்தாலியின் மால்பீகி இவற்றைச் செடிக் கழலைகளோடு சேர்த்துப் படம் வரைந்தார். நோய் என்றே பலரும் நினைச்சாங்க. பயறு போட்ட நிலத்தில் அடுத்த வெள்ளாமை ஏன் நல்லா வருதுன்னு தெரியல.

1886-இல் ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் விடை சொன்னார்கள். கிருமி நீக்கிய மணலில் வளர்ந்த பட்டாணிக்கு முடிச்சும் இல்லை, தழைச்சத்தும் இல்லை, வாடியது. வயல்மண் ஊறிய நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் முடிச்சு வந்தது, செடி தேறியது. அதே நீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் பலனில்லை. அப்போ வேலை செய்தது மண்ணிலுள்ள உயிர்தானே! 1888-இல் ஹாலந்தின் பெய்யெரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

வேர் கசியும் பொருளை உணர்ந்து பாக்டீரியா வருது. வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடுது. செடி சர்க்கரை தரும், பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தரும். இன்றைக்கு விதையோடு கலக்கும் ரைசோபியம் பொட்டலத்துக்கு மூலம் அந்த மணல் தொட்டிதான்.