பெட்டி புதுசு, பேர் பழசு: ஒரு கொடைக்கானல் வைஃபையின் கதை

போன வாரம் எபிசோட் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம் ஒரு இடி.

கொடைக்கானல் போற வழியில, பெருமாள்மலையில எங்க அத்தை வீடு இருக்கு. பத்து நாள் அங்கிருந்து வேலை பார்க்கலாம்னு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயிருந்தேன். ரெண்டாம் நாள் ராத்திரி சரியான மழை, இடி. கரண்ட் போச்சு. காலையில கரண்ட் வந்தது, ரவுட்டர் வரல. ஃபைபர் பெட்டி தப்பிச்சிருச்சு, பக்கத்துல இருந்த வைஃபை ரவுட்டர்தான் கருகின வாசனையோட செத்துக் கிடந்தது.

சென்னையில இது ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். டேட்டாவை ஆன் பண்ணிட்டுப் போயிருவோம். அங்க அப்படி இல்ல. அத்தை ரெண்டு ரூமை ஹோம்ஸ்டேயா விடுறாங்க. புக்கிங் எல்லாம் போன்லதான் வரும். வீட்டுக்குள்ள மொபைல் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல ஏறாது, ஓடிபி வரணும்னாகூட வைஃபை காலிங்தான் கதி. அந்த சனிக்கிழமைக்கு யாரோ புக் பண்ணியிருந்தாங்க, வழி கேட்டு போன் வரும். அத்தை முகமே சரியில்ல.

வத்தலக்குண்டுக்குப் பஸ் ஏறிப் போய் புது ரவுட்டர் வாங்கிட்டு வந்தேன். வீட்டுல கணக்குப் பார்த்தா ஒன்பது சாதனம்: ரெண்டு போன், ஒரு டேப்லெட், டிவி, ரெண்டு லேப்டாப், பிரிண்டர், கேட்டுல ரெண்டு கேமரா. "ஒன்பதுக்கும் மறுபடி பாஸ்வேர்ட் போடணுமா மாப்ள?"ன்னு மாமா கேட்டார். கேமரா ரெண்டும் ஏணி போட்டு ஏறுற உயரத்துல இருக்கு. "வேண்டாம் மாமா, புதுசுக்குப் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் வச்சிட்டா எல்லாம் அதுவா வந்து ஒட்டிக்கும்"னு பெருசா சொல்லிட்டேன். பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இல்ல. அத்தை போன்ல சேமிச்ச நெட்வொர்க்கைத் திறந்து 'ஷேர்' அமுக்கினா கியூஆர் கோடோட பாஸ்வேர்டும் வந்தது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து இந்த வசதி இருக்கு. பேர் 'குறிஞ்சி2018', ஆங்கில எழுத்துல. குறிஞ்சி பூத்த வருஷம் போட்ட நெட். எல்லாத்தையும் டைப் பண்ணி ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணேன்.

ஒண்ணுகூட ஒட்டல. "வந்து ஒட்டிக்கும்னியேடா தம்பி?"ன்னாங்க அத்தை. பத்து நிமிஷம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன். பழைய பேர்ல முதல் 'கே' பெரிய எழுத்து. நான் சின்ன எழுத்துல போட்டிருந்தேன். மாத்தின அடுத்த நிமிஷமே போன், லேப்டாப், டிவின்னு ஒவ்வொண்ணா உள்ள வந்தது.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு வீம்பு ஏன்? ரவுட்டர் ஒரு நொடிக்குச் சுமார் பத்து தடவை தன் பேரைக் காத்துல சொல்லிக்கிட்டே இருக்கும். போன் அதைக் கேட்டு, தன் லிஸ்ட்ல இருக்கான்னு பார்க்கும். பெட்டி எந்தக் கம்பெனி, எப்போ வாங்கினதுங்கிறதெல்லாம் அதுக்குக் கவலையே இல்ல, பேர்தான் அடையாளம். இன்னொண்ணும் இருக்கு, இதை நான் காலேஜ்ல படிச்சு மறந்தே போயிருந்தேன். டபிள்யூபிஏ2 முறையில பாஸ்வேர்ட் எப்பவுமே காத்துல போகாது. போனும் ரவுட்டரும் தனித்தனியா உட்கார்ந்து, பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பேரையும் சேர்த்துப் போட்டு 4,096 சுத்து அரைச்சு ஒரு சாவி செய்யும். ரெண்டு பக்கமும் ஒரே சாவிதானான்னு நாலு செய்தியில சரிபார்த்துக்கும். ஆக, சாவி செய்யுற மாவுல பேரும் கலந்திருக்கு. 'கே' மாறினா சாவியே வேற.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் மாமா காபியோட வந்து உட்கார்ந்தார். "எங்க அப்பா காலத்துல ரேடியோப் பெட்டி வச்சிருக்கவே போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் எடுக்கணும். பாஸ்புக் மாதிரி ஒண்ணு குடுப்பான், வருஷா வருஷம் பணம் கட்டணும். நீ பாட்டுக்கு வத்தலக்குண்டுல வாங்கிட்டு வந்து சொருகிட்டே. கேள்வி கேக்க ஆள் இல்லையா?" நல்ல கேள்வி. இந்த எபிசோடே அதுலருந்துதான் வந்தது.

கேள்வி கேக்க ஆள் இருந்தாங்க. 1933-ல வந்த இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ் கருவியை வீட்டுல வச்சிருக்கிறதே குற்றம். முதல் தடவை மாட்டினா 100 ரூபாய் வரைக்கும் அபராதம். அன்னைக்கு 100 ரூபாய்ங்கிறது சாதாரணமா? பாட்டு கேக்குற ரேடியோவும் அதுல அடக்கம். கேக்குறவங்களுக்கான இந்த லைசென்ஸை எடுத்தது 1980-களோட நடுவுலதான். ஆனா ஒலிபரப்புற கருவிக்கு, அதாவது அலையை வெளியே அனுப்புற எதுக்கும், டெல்லியில இருக்கிற வயர்லெஸ் திட்ட ஒருங்கிணைப்புப் பிரிவோட அனுமதி வேணும்ங்கிறது தொடர்ந்தது. வைஃபை ரவுட்டர் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம், மறந்துராதீங்க.

இந்த மலைக்கு வயர்லெஸ் ஒண்ணும் புதுசு இல்ல. 1899-ல மெட்ராஸிலிருந்து இங்க வந்த சூரிய ஆய்வகம் சூரியனைப் படம் பிடிச்சதோட நிக்கல. 1950-கள்ல ரேடியோ அலையை நேரா மேல அனுப்பி, அயனி மண்டலத்துல பட்டுத் திரும்புறதை அளக்கிற வேலையும் அங்க நடந்தது. சூரியன்ல ஒரு பெரிய வெடிப்பு நடந்தா, பகல் இருக்கிற பக்கம் சிற்றலை ரேடியோ கொஞ்ச நேரம் அப்படியே அடங்கிரும். அந்தக் காலத்துல கனெக்‌ஷன் போச்சுன்னா குத்தவாளி சூரியன். அப்புறம் கோடை பண்பலை. 100.5-ன்னு சொன்னாலே மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து ஆளுங்க சிரிப்பாங்க. பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும், அதனால 2,000 மீட்டருக்கு மேல நின்னு 10 கிலோவாட்டுல பேசினா கீழ பல மாவட்டம் கேக்கும். அத்தை வீட்டு ரவுட்டரோட சக்தி சுமார் ஒரு வாட்டில் பத்துல ஒரு பங்கு. கோடை பண்பலையில லட்சத்துல ஒண்ணு! அதனாலதான் அது பக்கத்து வீட்டைத் தாண்டாது, அதனாலதான் அதுக்கு அனுமதியும் கேக்காம விடலாம்.

ஆனா விட்டுட மனசு வர நாளாச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையை 1947-ல அட்லாண்டிக் சிட்டியில நடந்த சர்வதேச மாநாட்டுல தொழிற்சாலை, மருத்துவம், ஆராய்ச்சிக் கருவிகளுக்குன்னு ஒதுக்கினாங்க. மைக்ரோவேவ் அடுப்பு அதுலதான் ஓடுது. தகவல் அனுப்ப லாயக்கில்லாத இரைச்சல் பேட்டைன்னு எல்லாரும் ஒதுக்கி வச்சிருந்த இடம். 1985-ல அமெரிக்க எஃப்சிசி, 'சத்தத்துக்கு நடுவுல பேசத் தெரிஞ்சா யார் வேணா பேசுங்க, லைசென்ஸ் வேண்டாம்'ங்கிற மாதிரி விதியைத் தளர்த்தினது. 1997-ல 802.11 தரம், வேகம் ரெண்டு மெகாபிட். 1999-ல 11 மெகாபிட், கூடவே ஒரு விளம்பர நிறுவனம் வச்ச 'வைஃபை'ங்கிற பேர். அதுக்கு விரிவாக்கம் எதுவும் கிடையாது, இன்டர்வியூல யாராவது கேட்டா தைரியமா சொல்லுங்க.

இந்தியாவுல 2005 ஜனவரியிலதான் 2.4 கிகாஹெர்ட்ஸை, குறிப்பிட்ட சக்திக்குள்ள, யாரும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு விதி வந்தது. அதே வருஷம் 5 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு பகுதியை வீட்டுக்குள்ள மட்டும் பயன்படுத்த விட்டாங்க, வெளியிலயும் தாராளமா விட்டது 2018-ல. நாம கடையில வாங்கிட்டு வந்து சொருகிறோமே, அந்த உரிமைக்கு வயசு இருபது சொச்சம்தான். என்னைவிடச் சின்னது.

உரிமை வந்த வேகத்துல பூட்டு வரல. முதல்ல இருந்த பூட்டுக்குப் பேர் டபிள்யூஈபி. 2001-ல ஃப்ளூரர், மான்டின், ஷமீர்னு மூணு பேர் அது ஓட்டைன்னு காட்டிட்டாங்க. 2003-ல டபிள்யூபிஏ, 2004-ல டபிள்யூபிஏ2. நம்ம ஊர்ல பாதிப் பேர் பூட்டே போடல. 2008 ஜூலை 26, அகமதாபாத்ல தொடர் குண்டுவெடிப்பு. அதுக்குச் சில நிமிஷம் முன்னாடி டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போச்சு. ஐபி முகவரியைப் பிடிச்சுப் போனா நவி மும்பையில ஒரு குடும்பம் இருக்கிற ஃபிளாட். அவங்க வைஃபை சரியாப் பூட்டாம இருந்திருக்கு, யாரோ அதுல நுழைஞ்சு அனுப்பியிருக்காங்க. விசாரணையில உட்கார்ந்தது வீட்டுக்காரர். 2009 பிப்ரவரியில தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஏர்போர்ட்லயும் ரயில்வே ஸ்டேஷன்லயும் போன் நம்பர் குடுத்து ஓடிபி போட்டாதானே வைஃபை கிடைக்குது? அந்த எரிச்சலுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

மாமாகிட்ட இதைச் சொன்னதும் அவர் நேரா விஷயத்துக்கு வந்தார். "அப்போ நம்ம வீட்டுக்கு வர்ற கெஸ்டுக்கெல்லாம் இதே பாஸ்வேர்டைத்தானே குடுக்கிறோம்?" ஆமா. ஆறு வருஷமா வந்துபோன அத்தனை பேர் போன்லயும் அந்தச் சாவி இருக்கு. கேட்டுக்கு வெளியே கார் நின்னாலே அது தானா உள்ள வரும். பழைய பேரையே வச்சதுல இருக்கிற சங்கடம் இது. எனக்கு அது தோணவே இல்லைங்கிறதுதான் உண்மை. உடனே கெஸ்டுக்குன்னு தனி நெட்வொர்க் போட்டுக் குடுத்தேன், வேற பேர், வேற பாஸ்வேர்ட், மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்கலாம். பழைய 'குறிஞ்சி2018'-க்கும் பாஸ்வேர்டை மாத்தியே ஆகணும். அதாவது ஒன்பதுக்கும் மறுபடி டைப் பண்ணியே ஆகணும். மாமா ஏணியை எடுத்துட்டு வந்தார்.

நீங்க கொடைக்கானல் மாதிரி ஊருக்கு டூர் போனவங்கன்னா உங்க போன்ல ஒரு வேலை இருக்கு. லாட்ஜ், காபி ஷாப்னு பாஸ்வேர்டே இல்லாத நெட்வொர்க் பல சேமிச்சு வச்சிருப்பீங்க. அங்க கலக்க சாவி இல்ல, பேர் மட்டும்தான். அதே பேர்ல யார் ஒரு பெட்டி வச்சாலும் உங்க போன் பழைய சிநேகிதன்னு நினைச்சு ஒட்டிக்கும். அதையெல்லாம் 'ஃபர்கெட்' பண்ணிருங்க.

ஒன்பதுல எட்டு ஏறினதுக்கு அப்புறம் டேப்லெட் முரண்டு பிடிச்சது. புது ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 மட்டும்னு போட்டு வச்சிருந்தேன். 2018-ல வந்த அந்தப் பூட்டு இந்தப் பழைய டேப்லெட்டுக்குத் தெரியாது. ரெண்டையும் ஏத்துக்கிற கலப்பு முறைக்கு மாத்தினதும் வந்துச்சு. கேமரா ஒண்ணு அடிக்கடி அறுந்தது. "பனிடா தம்பி, பனி இறங்கினா இப்படித்தான்"னாங்க அத்தை. பனி ஒண்ணும் பண்ணாது. வழியில இருக்கிற கருங்கல் சுவரும் தகரக் கூரையும்தான். ரவுட்டரை அலமாரியிலிருந்து ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தினேன், நின்னுருச்சு.

சனிக்கிழமை மதியம் கெஸ்ட் போன் பண்ணாங்க. பெருமாள்மலை பிரிவுல நிக்கிறோம், இடது பக்கமா வலது பக்கமான்னு. அத்தை போனை எடுத்துட்டு ஜன்னல் பக்கம் போனாங்க.